நிலாவெளி மணலில் ஒரு தட்டைத்தலைத் தத்தி

வாசகர் ஒருவர், நிலாவெளி
2024 பெப்ரவரி 3, மாலை

நேற்றுப் பின்னேரம் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிற மணல்மேட்டில் இந்தப் பூச்சியைக் கண்டேன். இராவணன் மீசைப் புல்லில் இருந்தது. வைக்கோல் நிறம், ஒடுங்கிய உடம்பு, தலை முன்னுக்குத் தட்டையாக நீண்டு வட்டமாக முடிகிறது. கை கிட்டப் போனதும் புல்லின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டது. இரண்டு படம்தான் எடுக்க முடிந்தது. போனில் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தால் இலங்கையில் பதிவே இல்லாத ஒரு பெயர் வருகிறது. அப்பா பார்த்துவிட்டு வயலுக்கு வரும் அறக்கொட்டிதான் என்கிறார். எனக்கென்றால் அரிய இனம் என்றே படுகிறது. யாருக்கு அறிவிக்க வேண்டும்?

முன்னாள் விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் பதில்கள்
பெப்ரவரி 3, இரவு

அறக்கொட்டி இல்லை. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அறக்கொட்டி என்கிற, வயலை வட்டம் வட்டமாகக் கருக்கும் கபிலத் தத்தி வேறு குடும்பம். அதன் பின்காலில், தொடைக்கு அடுத்த நீளமான துண்டு முடியும் இடத்தில் அசையக்கூடிய ஒரு குதிமுள் இருக்கும். உணர்கொம்பும் கண்ணுக்குக் கீழே இருந்து கிளம்பும். உங்கள் இரண்டாவது படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். அந்தத் துண்டு நெடுகிலும் வரிசை வரிசையாக மெல்லிய முட்கள், குதிமுள் கிடையாது. இது இலைத்தத்திக் குடும்பம், சிக்காடெலிடே. உலகில் 20,000க்கு மேல் இனங்கள் பெயரிடப்பட்ட குடும்பம் என்பதால் இதுவரை தெரிந்ததை வைத்துப் பெரிதாகச் சந்தோசப்பட ஒன்றும் இல்லை.

செயலி சொன்ன பெயரை மறந்துவிடுங்கள். தன்னிடம் இருக்கிற படங்களில் எது கிட்டவோ அதை அது சொல்லும். இந்தக் குடும்பத்தில் மேலிருந்து எடுத்த படத்தை வைத்து இனப் பெயர் சொல்ல முடிவது கொஞ்சத்துக்குத்தான்.

பெப்ரவரி 4

கேள்விக்குக் கீழே யாரோ பூச்சிமருந்தின் பெயரையே எழுதிவிட்டார், எத்தனை மில்லிலீற்றர் என்பதோடு. கடற்கரைப் புல்லுக்கு மருந்தடிக்கச் சொல்லும் ஊர் நாங்கள்தான். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலம் முழுக்க இதே கதைதான். பூச்சியைக் காட்டினால் அதன் பெயரைக் கேட்கமாட்டார்கள், என்ன அடிக்கலாம் என்றுதான் கேட்பார்கள். தம்பலகாமத்து வயல்களில் பூச்சி பிடிக்கும் வீசுவலை போட்டு எண்ணிய காலத்தில் வலைக்குள் வந்தவற்றில் பயிருக்குக் கெடுதல் செய்யாதவைதான் நிறைய. அவற்றின் பெயர் எங்கள் படிவத்தில் இல்லை. ‘ஏனையவை’ என்ற ஒரு கட்டத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுவோம். இந்தப் பூச்சிக்கும் அந்தக் கட்டம்தான் கிடைத்திருக்கும்.

பெப்ரவரி 5

இரண்டு பேர் வேறு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

நுரைப்பூச்சி என்பவருக்கு: அதன் பின்கால் துண்டில் தடித்த முள் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும், நுனியில் மட்டும் முட்கள் வளையமாக நிற்கும். வரிசை வராது.

மரத்தத்தி என்பவருக்கு: அதில் முதுகுத்தகடு பின்னால் வளர்ந்து வயிற்றின் மேல் கவிந்து நிற்கும். இதில் நீண்டிருப்பது தலை.

இனி என் ஊகம். தலை தட்டை, விளிம்பு தகடாக மெலிந்திருக்கிறது, புல்லில் இருந்தது. ஹெகாலஸ் என்ற பேரினம் அல்லது அதற்கு உறவான ஒன்று. அந்தக் கூட்டம் முழுக்கப் புல்லை நம்பி வாழ்வது. தனிக்கண்கள், அதாவது கூட்டுக்கண்களைத் தவிர இருக்கும் புள்ளி போன்ற சின்னக் கண்கள், இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். தலையின் மேலேயா, முகத்திலா, விளிம்பிலா? உங்கள் படத்தில் அந்த இடம் வெயில் பட்டு வெளுத்துப் போயிருக்கிறது. அடுத்த முறை நிழல் பிடித்து எடுங்கள்.

பெப்ரவரி 11

‘அரிய இனம்’ என்பதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திருமலையில் பூச்சி பிடித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1890களின் தொடக்கத்தில் இங்கே படையில் இருந்த யேர்பரி என்ற ஆங்கில அதிகாரி நிறையப் பிடித்து லண்டனுக்கு அனுப்பினார். பிரித்தானிய இந்தியாவின் உயிரினங்களைப் பற்றிய பழைய தொகுதிகளில் அவர் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும் இடங்கள் உண்டு. தத்திகள் வரும் தொகுதியை டிஸ்டன்ட் என்ற பூச்சியியலாளர் 1908 இல் எழுதினார், பிறகு பிற்சேர்க்கைகளும் வந்தன. இலவசமாகவே இணையத்தில் படிக்கலாம். அப்புறம் 1970களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இலங்கைப் பூச்சிகளைச் சேகரிக்கப் பெரிய திட்டம் ஒன்று நடத்தியது. அந்தப் பூச்சிகளின் சீட்டுகளில் ‘திருகோணமலை, சீனக்குடா, ரிட்ஜ் பங்களா’ என்று அடிக்கடி வரும். இரவில் விளக்கு வைப்பார்கள், பகலில் கூடாரம்போன்ற வலை கட்டுவார்கள்.

விளக்குக்கு வருவது பறக்கிற பூச்சி. கூடார வலையில் விழுவதும் பறக்கிற பூச்சி. புல்லின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, ஆள் வந்தால் மறுபக்கம் நழுவுகிற ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் குனிந்து புல்லை விலக்க வேண்டும். நிலாவெளி மணலில், அந்த வெயிலில், எத்தனை பேர் குனிந்திருப்பார்கள்? பிறகு முப்பது வருசம் யுத்தம். கரையோரம் பாதிக்குமேல் யாரும் கால்வைக்க முடியாத இடம். 2004 இல் சுனாமி.

ஆகவே பதிவு குறைவு என்பது ஒன்று, பூச்சி குறைவு என்பது இன்னொன்று. எந்தப் புல்லில் பிறந்து வளர்கிறது என்று தெரியாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது. எனக்கு இனப் பெயரைவிட இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

பெப்ரவரி 12

கிண்ணியாத் தம்பி கேட்டதற்கு: ஓம், சிள்வண்டுக்கு இது தூரத்துச் சொந்தம். இரண்டும் ஒரே துணைவரிசை.

பெப்ரவரி 25

கேள்வி கேட்டவரோடு போய்விட்டு வந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் இராவணன் மீசை. தெரியாதவர்களுக்கு: கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருக்கும் அந்த முரட்டுப் புல். இலை நுனி ஊசி. காய்ந்த பூப்பந்து காற்றில் உருண்டு ஓடும், சின்ன வயதில் அதைத் துரத்தாத திருமலைப் பிள்ளை இருக்காது. அதில் வீசுவலை போட்டேன். வலையின் விளிம்பு கிழிந்தது, விரலும் கிழிந்தது. வளர்ந்த தத்தி ஒன்றிரண்டு கிடைத்தது, குஞ்சு ஒன்றுகூட இல்லை. இலைகளைப் பிரித்துப் பார்த்தேன், கழற்றிப்போட்ட தோலும் இல்லை.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. இறகு முளைத்த பூச்சி எங்கும் உட்காரும். எங்கள் வீட்டு வேலிக் கம்பியிலும் உட்காரும், அதற்காக அது கம்பியில் வாழ்கிற இனம் என்று எழுதுவோமா? குஞ்சுக்கு இறகு இல்லை. முட்டையைத் தாய் செடியின் திசுவுக்குள்ளேயே கீறி வைக்கும், குஞ்சு வெளியே வந்து ஐந்து பருவம் கடந்து தோலுரித்து வளரும். அந்தத் தோல் எந்தச் செடியில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் வீடு.

மணல்மேட்டைத் தாண்டி மறுபக்கம், இறக்கக்கண்டிப் பாலத்துக்குப் போகும் பக்கமாகக் களப்போரம் நடந்தோம். மாரிவெள்ளம் வற்றி, சேறு வெடிக்கத் தொடங்கிய இடம். தில்லை மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு புல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது. மற்ற எல்லாம் மஞ்சளாகும்போதும் இது மட்டும் பச்சை. முழங்கால் மடித்து இருந்து ஒரு பிடியை விலக்கிப் பார்த்தால், இலையின் மேல் வைக்கோல் துண்டு ஒன்று. விரல் நகத்தின் பாதிகூட வராது. முன்பக்கம் வட்டம், பின்பக்கம் கூர். பென்சில் முனையைக் கிட்டக் கொண்டுபோனதும் பக்கவாட்டில் இரண்டடி வைத்து இலையின் அடிக்குப் போய்விட்டது. பென்சிலை அடியில் கொண்டுபோனேன், மேலே வந்துவிட்டது. குஞ்சுதான். பக்கத்து இலையில் வெறும் தோல், முதுகில் பிளந்து, கால்கள் இன்னும் இலையைப் பிடித்தபடி.

கேள்வி கேட்டவர் உடனே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குந்திவிட்டார். பிறகு அவரை எழுப்ப முடியவில்லை.

பெப்ரவரி 26

நேற்று எழுதியதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். ‘வீடு களப்போரப் புல்’ என்பதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி அந்தக் குஞ்சுகளும் தோல்களும். அவை அதே இனத்தின் குஞ்சுகள்தான் என்பதற்கு? தலையின் வடிவம் ஒத்துப் போகிறது, அவ்வளவுதான். சிலவற்றை வளர்த்து, இறகு முளைத்தபின் பார்த்தால் சந்தேகம் தீரும். போத்தலில் புல்லோடு கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் காணி கேள்வி கேட்டவரின் மாமாவுடையது, கேட்டுத்தான் எடுத்தோம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்புக்குள் இருக்கும் இடமென்றால் அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே வலையோடு இறங்கலாமா என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.

மார்ச் 9

போத்தல் கதை. சோடாப் போத்தலை வெட்டி, கீழே ஈரமண்ணில் அந்தப் புல்லை நட்டு, மேலே பழைய நுளம்புவலைத் துண்டைக் கட்டி வைத்திருக்கிறேன். மனைவிக்கு இது பிடிக்கவில்லை, குசினி யன்னலில் வைத்ததால்.

ஒரு குஞ்சு நேற்றுக் காலை கடைசித் தோலை உரித்தது. இறகு முதலில் கசங்கிய ஈரக் கடுதாசி, அரை மணித்தியாலத்துக்குள் நேரானது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பின்னால் இருந்து ஒரு துளி வெளிவந்தது. வழக்கமாக வருகிற தெளிந்த கழிவு இல்லை, பால் மாதிரிக் கலங்கலாக இருந்தது. பின்காலை அதில் தோய்த்து உடம்பு முழுக்கப் பூசத் தொடங்கியது. அந்த முள்வரிசை சீப்பு வேலை செய்கிறது. இறகின் மேல், இறகின் கீழ், வயிறு, கடைசியாக முன்கால் போய்த் தலை. காய்ந்ததும் வைக்கோல் நிறத்தின் மேல் மங்கலாக ஒரு வெண்மை.

அந்தப் பாலில் இருப்பவை புரோக்கோசோம்கள். இலைத்தத்திகள் மட்டும் செய்கிற நுண்ணிய மணிகள், உடம்பின் கழிவுக் குழாய்களிலேயே உருவாகின்றன. ஒரு மணி ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. மேற்பரப்பெல்லாம் ஒழுங்கான குழிகள் என்பது இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரியும். தண்ணீரும் பூச்சியின் சொந்தக் கழிவும் உடம்பில் ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். சோதிக்க ஆசைப்பட்டு ஊசிக் குழாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உருண்டு போய்விட்டது. பூச்சி அசையவே இல்லை. தினமும் உப்புத்தண்ணீர் தெறிக்கிற களப்போரத்தில் இது பெரிய வசதி என்று நினைக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் வேண்டுமே: வளர்ந்து வந்தது அதே பூச்சிதான். தலை, நிறம், நீளம் எல்லாம் மணல்மேட்டில் கண்டதுதான். ஒன்பது மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது. தனிக்கண்களையும் லென்சில் பார்த்துவிட்டேன், விளிம்பில், கூட்டுக்கண்ணை ஒட்டி. ஹெகாலஸ் பக்கம் இன்னும் பலமாகிறது.

மார்ச் 10

சிள்வண்டுக்குச் சொந்தம் என்றால் பாடுமா என்று கிண்ணியாத் தம்பி விடாமல் கேட்கிறார். பாடும் தம்பி, எங்கள் காதுக்குத்தான் கேட்காது. ஆண் வயிறு தொடங்கும் இடத்தில் இருக்கிற தகட்டை அதிரவைக்கும், அந்த அதிர்வு காற்றில் போகாமல் தண்டு வழியாகப் போகும். பெண் கால் வழியாகக் கேட்டுப் பதில் அதிர்வு கொடுக்கும். பழைய ரெக்கோட் பிளேயர் ஊசியைத் தண்டில் தொட வைத்து ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். யாரிடமாவது அந்த ஊசி இருந்தால் எனக்குத் தாருங்கள். பாட்டுக் கேட்பதற்கு இல்லை என்று வீட்டில் சொல்லிச் சமாளிக்கலாம்.

ஏப்ரல் 7

இப்போது பூச்சியைவிடப் புல்தான் தலையிடி. பூ இல்லாமல் புல்லுக்குப் பெயர் சொல்வது எனக்கு முடியாத காரியம். களப்போரப் புல்லை ‘அறுகு’ என்று நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். தூரத்துப் பார்வைக்கு அறுகுதான். ஆனால் அறுகு உப்புச் சேற்றில் இவ்வளவு செழிப்பாகப் படராது. கேள்வி கேட்டவர் பக்கத்திலேயே இருப்பதால் பூத்ததும் ஒரு பிடியைப் பத்திரிகைக் கடுதாசிக்கு நடுவில் வைத்து, மேலே கல்லை ஏற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 21

பூத்துவிட்டது. படம் அனுப்பியிருக்கிறார். தண்டின் உச்சியில் இரண்டே இரண்டு கதிர்கள், ஆங்கில வீ எழுத்துப் போலப் பிரிந்து. அறுகில் பெரும்பாலும் நாலைந்து விரல்கள் ஒரே புள்ளியில் இருந்து விரியும். இது பாஸ்பாலம் வஜினேட்டம். உப்புத்தண்ணீருக்குப் பழகிய புல், வெப்பநாடுகளின் கடலோரமெங்கும் உண்டு. வெளிநாட்டில் கோல்ப் மைதானத்துக்கு நடுகிறார்கள், உவர்த்தண்ணீரை ஊற்றியே வளர்க்கலாம் என்பதால்.

புல் இவ்வளவு பரவலானது என்றால் பூச்சி மட்டும் நிலாவெளிக்கே உரியது என்று நினைக்க இடம் குறைகிறது. கேள்வி கேட்டவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு மாறாக, இப்போதுதான் வேலை சுவையாகிறது. கொட்டியாரக்குடாவைச் சுற்றி எங்கெல்லாம் இந்தப் புல் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடலாமே.

ஏப்ரல் 22

கோட்டைக்குள் தேடிப் பார்த்ததாக ஒருவர். பிரெட்ரிக் கோட்டையில் புல்லை மான்கள் விட்டு வைத்தால்தானே தத்தி இருக்கும்! கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அது போதும்.

மே 5

‘இரண்டாவது இனம்’ ஒன்று கிடைத்துவிட்டதாகக் கேள்வி கேட்டவர் பரபரப்பாக எழுதியிருக்கிறார். அதே புல், சின்ன உடம்பு, தலை அவ்வளவு நீளம் இல்லை, இளம்பச்சையில் செம்மஞ்சள் கோடுகள். நியாயமான பரபரப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் ஒரே இனம் என்று சொல்லமாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் அவ்வளவு வித்தியாசம். பெண் பெரிது, தலை நீளம். ஆண் சிறிது, நிறமும் வேறு. பழைய காலத்தில் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் வைத்து இரண்டு இனமாக எழுதுவது பூச்சியியலில் சாதாரணமாக நடந்தது. கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். பெண்ணின் வயிற்றுக் கடைசியில் நடுவால் நீளமாக ஒரு பிளவு, அதற்குள் முட்டை கீறும் வாள். ஆணில் அந்த இடத்தில் குட்டையான இரண்டு தகடுகள். கண்ணாடிக் குவளைக்குள் விட்டு அடிப்பக்கத்தில் இருந்து படம் எடுங்கள்.

மே 8

எடுத்துவிட்டார். குவளை தேவைப்படவும் இல்லை. காலையில் புல்லில் சோடி ஒன்று, வால் வாலோடு பொருந்தி, தலைகள் எதிர்த்திசையில். ஒன்று வைக்கோல் நிறம், மற்றது பச்சையில் செம்மஞ்சள் கோடு. இதைவிட நல்ல சாட்சி நுணுக்குக்காட்டியால்கூடக் கிடைக்காது.

மே 19

ஆண் கிடைத்ததால் இனி வேலை வேகமாகப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். போகாது.

இனத்தைத் தீர்மானிப்பது ஆணின் வயிற்று நுனிக்குள் இருக்கும் உறுப்பின் வடிவம். வயிற்றை வெட்டி எடுத்து, பத்துவீதப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்தால் சதை கரைந்து கூடு மட்டும் மிஞ்சும். கழுவி, கிளிசரினில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைய வேண்டும். வரைந்ததை மொரிசன் 1973 இல் இந்தப் பகுதித் தட்டைத்தலைத் தத்திகளை மொத்தமாகத் திருத்தி எழுதிய கட்டுரையின் வரைபடங்களோடு ஒப்பிட வேண்டும். இந்தத் துணைக்கண்டத்துத் தத்திகளைப் பற்றி அதற்குப் பிறகு வந்தவற்றில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்து விரக்தமத்தின் கட்டுரைகள் தவறவிடக்கூடாதவை.

நான் எடுத்த முதல் ஆணில் வேறு விசயம் இருந்தது. வயிற்றின் பக்கத்தில், இரண்டு வளையங்களுக்கு நடுவில் இருந்து கறுப்பாக ஒரு பை பிதுங்கி நின்றது. மிளகின் கால்வாசி இருக்கும். முதலில் புண் என்று நினைக்கத் தோன்றும். அது ட்ரைனிடே என்ற குளவிக் குடும்பத்தின் புழு. பெண்குளவி தத்தியை முன்காலால் பிடித்து முட்டையை வைத்துவிடும், புழு தத்தியைத் தின்றபடியே தன் பழைய தோல்களால் ஆன பைக்குள் வளரும். தத்தியும் அதைச் சுமந்துகொண்டு துள்ளித் திரியும். இப்படி ஒட்டுண்ணி பிடித்த ஆணின் உறுப்புகள் சரியாக வளராமல் போகலாம். அதை வெட்டி வரைந்து ‘புதிய இனம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆகவே அந்த ஆண் மதுசாரக் குப்பியில் தனியாக இருக்கிறது. குளவிக்கு ஆர்வமுள்ளவர்கள் கேட்டால் தரலாம்.

மே 20

பெயர் வைப்பதைப் பற்றி நடக்கிற அமளிக்கு ஒரு வார்த்தை. இராவணன் பெயர் வைக்கலாம், கோணேசர் பெயர் வைக்கலாம், ஊரின் பெயர் வைக்கலாம் என்று பட்டியலே வந்துவிட்டது. ஒருவர் தன் பேத்தியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். முதலில் இது ஏற்கனவே பெயர் உள்ள பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதியதாக இருந்தாலும் மாதிரிப் பூச்சி ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்து, விவரணையை முறையாகப் பிரசுரித்தால்தான் பெயர் செல்லும். பேத்திக்கு இப்போதைக்கு அவளுடைய சொந்தப் பெயரே இருக்கட்டும்.

யூன் 16

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. மணல்மேட்டில் நிற்க முடியவில்லை, வீசுவலை காற்றாடியாகிறது. களப்போரத்தில் புல் இன்னும் பச்சைதான், ஆனால் விளிம்பில் கருகல். மணல்மேட்டு இராவணன் மீசையில் இப்போது ஒரு தத்தியும் இல்லை. பெப்ரவரியில் ஏன் அங்கே இருந்தன என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு: மாரியில் களப்பு நிரம்பிப் புல் மூழ்கியபோது வளர்ந்தவை மேட்டுக்கு ஏறியிருக்கும், தண்ணீர் வற்றியதும் இறங்கிவிட்டன. அடுத்த மாரி வரை இது வெறும் ஊகம். நவம்பரில் யாராவது மேட்டில் தேடினால் பிடிபடும்.

யூலை 14

கெட்ட செய்தி. நாங்கள் முதலில் குஞ்சு கண்ட இடத்துக்குப் பக்கத்து வளவில் விடுதி ஒன்று களப்போரத்தைத் துப்புரவாக்கி மண் போட்டுவிட்டது. வாகனம் நிறுத்தவாம். மாமாவின் காணி தப்பியது. எனக்குக் கோபம்தான், அதற்காக விடுதியின் பெயரைக் கேட்டு எழுதவேண்டாம். சண்டை பிடிப்பது என் நோக்கம் இல்லை. சேற்றோரப் புல் யாருக்கும் புல்லாகவே தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. கண்டல் மரத்தை வெட்டினால் இப்போது நாலு பேர் கேட்கிறார்கள், தில்லையை வெட்டினாலும் ஒருவராவது கேட்பார். கணுக்கால் உயரப் புல்லுக்கு யார் கேட்பது?

‘அரிய இனம் என்று அறிவித்தால் இடத்தைக் காப்பாற்றலாமே’ என்று இரண்டு பேர். ஆசை புரிகிறது. ஆனால் நாளைக்கு யாராவது கிண்ணியாவில் இதே பூச்சியைக் கைநிறையப் பிடித்துக் காட்டினால் நாங்கள் சொன்ன எல்லாம் பொய்யாகிவிடும், அதோடு புல்லும் போய்விடும். பூச்சி, மீன்குஞ்சு, கொக்கு எல்லாம் இருக்கிற இடம் என்று சொன்னாலே போதுமான காரணம்தான்.

ஓகஸ்ட் 4

கிண்ணியாத் தம்பி பிடித்துவிட்டார். பாலத்தடியில் இருந்து கொஞ்சம் தள்ளி, அதே வீ கதிர்ப் புல்லில், குஞ்சும் ஆணும் பெண்ணும். படங்கள் தெளிவு. அடிப்பக்கம், பக்கவாடு, முகம், புல்லின் கதிர், பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி. பாடுமா பாடுமா என்று என்னை வாட்டியவரா இவர் என்று ஆச்சரியம்.

ஆகவே நிலாவெளிக்கு மட்டும் உரியதல்ல. கேள்வி கேட்டவரின் பதிலையும் பார்த்தேன்: ‘அப்ப மூதூரிலும் இருக்கும், நான் போறன்.’ ஏமாற்றம் எல்லாம் போய்விட்டது போலிருக்கிறது.

ஓகஸ்ட் 18

ஒட்டுண்ணி இல்லாத ஆண்கள் கிடைத்து, வெட்டி, வரைந்தாயிற்று. பேரினம் ஹெகாலஸ்தான், அதில் இனிச் சந்தேகம் வேண்டாம். இனப் பெயரை இங்கே எழுதமாட்டேன். வரைபடங்கள் தெரிந்தவர்களின் கையில் இருக்கின்றன. பூச்சிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும், அதனால் படமும் வரைபடமும் மட்டும்தான் போயிருக்கிறது. பூச்சிகள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகும். சீட்டில் ஊர், திகதி, பிடித்தவர் பெயரோடு புல்லின் பெயரையும் எழுதியிருக்கிறேன். பழைய சீட்டுகளில் இல்லாதது அதுதான்.

செப்டெம்பர் 8

வெருகலில் இருந்து ஒருவர் படம் அனுப்பி, ‘இதுதானா ஐயா?’ என்று கேட்கிறார். இல்லை. வெள்ளை உடம்பு, தலை மேலே கறுப்புப் புள்ளி. கொஃபானா ஸ்பெக்ட்ரா, வயலோரம் எங்கும் வருகிற வெள்ளைத் தத்தி. தலையும் தட்டையாக நீளாமல் முன்னுக்குத் திரண்டிருக்கிறது பாருங்கள். தண்டின் நீர்க்குழாயில் இருந்து உறிஞ்சுகிற கூட்டத்துக்கு முகம் அப்படித்தான் உப்பியிருக்கும், உறிஞ்சும் தசைக்கு இடம் வேண்டும். ஆனாலும் முகத்தை நேரே எடுத்ததற்கு நன்றி, அப்படி எடுக்காவிட்டால் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆற்றுவாய்ப் பக்கம் அந்த இரட்டைக்கதிர்ப் புல் இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், பிறகு எல்லாம் புல்லின் அடிக்கு இறங்கிவிடும்.